கடவுச்சொல்லும் கடமையும்

சென்ற மாதம் ஒருநாள் மாலை, நம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவன் ஒருவன் தந்தையாருடன் நம் இல்லம் தேடி வந்தான். பல்கலைக்கழகம் புகுந்து ஓராண்டு நிறையாத பிள்ளை. முகம் வாடியிருந்தது. விசாரித்தபோது நிகழ்ந்ததைக் கூறினான்.

அவன் கற்குமிடத்தில், அரையாண்டு தோறும் மாணவர் தம் பாடங்களை இணையத்திலுள்ள மாணவர் தகவல் தளத்தில் தாமே பதிவு செய்தல் வேண்டும். கணினிப் பழக்கம் குறைந்தவனாகையால், அவன் தன் கடவுச்சொல்லை அறைத்தோழனிடம் கொடுத்துவிட்டான். தோழன் நல்லெண்ணத்துடனேயே பதிந்தான். ஆயினும் ஒரு பாடம் விடுபட்டுப் போயிற்று. நம் மாணவன் அப்பாடத்தின் விரிவுரைகளுக்கெல்லாம் தவறாது சென்றான். பரீட்சைக்குரியோர் பட்டியலில் மட்டும் அவன் பெயர் இல்லை. அப்பரீட்சையை எழுத இனி அடுத்த ஆண்டுவரை காத்திருத்தல் வேண்டும்.

தந்தையார் இரணைமடுக் குளத்து நீரில் வயல் செய்பவர். அவர் மகனைக் கடிந்துகொள்ளவில்லை. "விதைத்தவன் வயலைப் போய்ப் பார்க்க வேண்டாமோ, தம்பி?" என்று மட்டும் கேட்டார்.

அக்கேள்வி நம்மையும் சுட்டது. பல்கலைக்கழகம் புகுவதற்கு வேண்டிய இசற் புள்ளியைப் பற்றி ஓயாது பேசினோம். புகுந்தபின் செய்யவேண்டியவற்றை ஒரு பாடவேளையேனும் சொல்லிக் கொடுத்தோமா?

நாம் பட்டப்படிப்புக் கற்ற நாட்களில் பீடத்து அறிவித்தற் பலகையின் முன் கூட்டமாக நிற்போம். ஒருவன் காணாததை மற்றவன் கண்டு சொல்வான். இன்று ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பக்கம். அதைத் தான் பாராவிடின், பிறர் பார்த்துச் சொல்ல வழியில்லை.

ஆதலின் மாணவச் செல்வர்களே, முதலில் வழங்கப்படும் கடவுச்சொல்லை அன்றே மாற்றுங்கள், எவரிடமும் கொடாதீர்கள். பொதுக் கணினியைப் பயன்படுத்தினால், தளத்தினின்றும் வெளியேறிய பின்னரே எழுந்திருங்கள். பதிவு செய்த பாடங்களை நேர அட்டவணையோடு ஒப்பிட்டு, ஒரு பிரதி அச்சிட்டு வைத்திருங்கள். பிழை காணின், முடிவுத் திகதிக்கு முன்னரே பீட அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள்.

பெறுபேறு வந்ததும் சராசரியை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். 3 கிரெடிட் கொண்ட பாடத்தில் ஏ தரமும் (4.0), 2 கிரெடிட் கொண்ட பாடத்தில் சீ தரமும் (2.0) பெற்றவனுக்குச் சராசரி 3.0 அன்று. முன்னையதற்கு 12, பின்னையதற்கு 4. கூட்டிவரும் 16ஐ 5ஆற் பிரித்தால் 3.2 ஆகும்.

பெற்றோரும், "நன்றாகப் படிக்கிறாயா?" என்று கேட்பதோடு அமையாது, "பதிவு முடித்துவிட்டாயா?" என்றும் கேட்டல் நன்று.

விடைபெறுமுன் அம்மாணவன் தன் கைத்தொலைபேசியை எடுத்து, புதிய கடவுச்சொல்லை இட்டு, இந்த அரையாண்டுக்குப் பதிந்த பாடங்களை ஒவ்வொன்றாக வாசித்தான். தந்தையார் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.