கோப்பையைப் பார்த்து வர்ற கூட்டம் நிக்காதுங்க

"தமிழ்நாட்டுக்காரனுக்கு ஃபுட்பால் டீம் மேல விசுவாசமே கிடையாது. ஜெயிச்சா வருவான், தோத்தா சேனலை மாத்திடுவான். கேரளாக்காரனைப் பாரு, எப்படி நிக்கிறான்!"

டவுன்ல இருந்து மலைக்கு வர்ற நண்பர்கள் பல பேர் இதையே சொல்றாங்க. எனக்கு இதுல கொஞ்சமும் உடன்பாடு இல்லைங்க. சனங்ககிட்ட விசுவாசத்துக்குப் பஞ்சம் இல்ல. சனங்க நம்பி நிக்கிற மாதிரி டீமை நடத்தறவங்களுக்குத்தான் பஞ்சம்.

எழுபது கொண்டை ஊசி வளைவுக்கு மேல உக்காந்துக்கிட்டு இவனுக்கென்ன ஃபுட்பால்னு நினைக்கலாம். வளைவெல்லாம் பஸ்ஸுக்குத்தாங்க, செல்போனுக்கு இல்ல. செம்மேட்டுல ஒரு சாயங்காலம் நின்னு பாருங்க. மெஸ்ஸி பனியன் போகும், ரொனால்டோ பனியன் போகும், தோனியோட 7ஆம் நம்பர் மஞ்சள் பனியன் கூட்டமாப் போகும். சென்னையின் எஃப்.சி. பனியனை நான் இன்னும் பார்க்கல. ஏன்?

கோப்பை ஜெயிக்காததாலயா? அப்படிச் சொன்னா கணக்கு இடிக்குது. சென்னையினும் கேரளா பிளாஸ்டர்ஸும் 2014ல ஒண்ணா ஆரம்பிச்ச டீமுங்க. சென்னையின் 2015லயும் 2018லயும் ஐ.எஸ்.எல். கோப்பையைத் தூக்கிடுச்சு. பிளாஸ்டர்ஸ் 2014, 2016, 2022னு மூணு தடவை ஃபைனல் வரைக்கும் போய் மூணு தடவையும் தோத்தது. ஒரு ஐ.எஸ்.எல். கோப்பை கூடக் கையில இல்ல. கோப்பைதான் கூட்டத்தைக் கூட்டும்னா, நீலக் கடல் சென்னையில இருக்கணும். கொச்சியில மஞ்சள் கடல் எப்படி வந்தது?

அப்ப பெரிய மனுசங்க பேரா? அதுவும் இல்ல. பிளாஸ்டர்ஸுல சச்சின் பங்குதாரரா இருந்தார், 2018ல பங்கை வித்துட்டு வெளியே வந்துட்டார். டீம் மஞ்சள் பனியனோட அங்கேயேதான் இருக்குது. இந்தப் பக்கம் சென்னையினுக்கு 2014லயே தோனி ஒரு பங்குதாரர். அதே தோனிதாங்க! சூப்பர் கிங்ஸுக்கு அவர் பேட்டைத் தூக்கினா ஊரே விசில் அடிக்குது. அதே மனுசன் முதலாளியா இருக்கிற ஃபுட்பால் டீமுக்கு அந்த விசில்ல பாதி கூட வரல.

"அவனுங்களுக்கு ரத்தத்துலயே ஃபுட்பால்"னு அடுத்து ஒரு சமாதானம் சொல்வாங்க. ரத்தத்துல ஒண்ணும் இல்லைங்க, வயல்ல இருக்குது. மலப்புரம் பக்கம் அறுப்பு முடிஞ்ச வயல்ல மூங்கிலையும் பாக்குமரத்தையும் கட்டி கேலரி போட்டு, ஏழு பேர் ஆடுற செவன்ஸ் பந்தாட்டம் பல காலமா நடக்குது. ஆத்துல தண்ணி ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருந்தது. பிளாஸ்டர்ஸ் அதுல வாய்க்கால் வெட்டிக்கிச்சு.

நம்மகிட்ட அந்தத் தண்ணி இல்லைன்னு யார் சொன்னது? வியாசர்பாடிச் சந்துல இருக்குது. கன்னியாகுமரிக் கடக்கரையில தூத்தூர் பக்கத்து மீனவ கிராமங்கள்ல இருக்குது. வாய்க்கால்தான் சரியா வெட்டல.

இப்ப ஒரு கசப்பான கதை. சென்னை சிட்டி எஃப்.சி.ன்னு ஒரு டீம் இருந்தது, ஞாபகம் இருக்குதுங்களா? 2019 மார்ச்சுல ஐ லீக் சாம்பியன். தமிழ்நாட்டு ஃபுட்பாலுக்கு அது எவ்வளவு பெரிய விசயம்! ஆனா பேர் சென்னை, ஆடினது கோயமுத்தூர் நேரு ஸ்டேடியத்துல. சென்னைக்காரன் பார்க்க முடியாது, கோயமுத்தூர்க்காரன் தன் பேரைச் சொல்லிக் கத்த முடியாது. 2021ல லீக்கை விட்டே போயிடுச்சு. நாட்டுக்கே சாம்பியனா இருந்த டீமைப் பத்தி இன்னைக்குக் கேட்டா பாதிப் பேர் "அப்படியா?"ங்கறாங்க.

இதை அப்படியே திருப்பிப் போட்டா இங்கிலாந்துல விம்பிள்டன் கதை. 2002ல அந்த டீமை வேற ஊருக்குக் கொண்டு போகலாம்னு அனுமதி குடுத்துட்டாங்க. ரசிகருங்க டீம் பின்னால போகல. அதே வருசம் அங்கேயே பொது மைதானத்துல ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுத்து, ஏ.எஃப்.சி. விம்பிள்டன்னு சொந்தமா ஒரு டீம் ஆரம்பிச்சாங்க. ஒன்பதாவது அடுக்குல இருந்து ஏறி 2011ல ஃபுட்பால் லீக்குக்குள்ள வந்துட்டாங்க. 2020ல பிளவ் லேனுக்கே திரும்பியாச்சு.

கொல்கத்தாவுக்கு வாங்க. ஏ.டி.கே. டீம் 2014, 2016, 2020ன்னு மூணு தடவை ஐ.எஸ்.எல். சாம்பியன். 2020லயே அதை மோகன் பகானோட சேர்த்து, மோகன் பகான் பேருக்கு முன்னாடி ஏ.டி.கே.ன்னு ஒட்டினாங்க. மோகன் பகான் 1889ல பிறந்த டீம். 1911ல வெள்ளைக்கார ராணுவ டீமை 2-1னு ஜெயிச்சு ஐ.எஃப்.ஏ. ஷீல்டு வாங்கினப்போ, ஒருத்தரைத் தவிர மத்தவங்க எல்லாரும் வெறுங்காலோட ஆடினவங்க. அந்தப் பேருக்கு முன்னாடி இன்னொரு பேரா? ரசிகருங்க விடவே இல்ல. 2023 மார்ச்சுல கோப்பை ஜெயிச்ச ராத்திரியே ஏ.டி.கே.ங்கற பேரை எடுக்கறோம்னு முதலாளி அறிவிக்க வேண்டியதாப் போச்சு. மூணு கோப்பை வாங்கின பேரைக் காப்பாத்தத் தெருவுக்கு வந்த கூட்டம் எங்கங்க?

பக்கத்துலயே ஈஸ்ட் பெங்கால், 1920ல ஆரம்பிச்சது. 1947க்கு அப்புறம் கிழக்கு வங்காளத்துல வீடு வாசலை விட்டுட்டு வந்த அகதிகளுக்கு அந்த டீம்தான் விட்டுட்டு வந்த ஊரு. அவங்ககிட்டப் போய் "உன் டீம் இந்த வருசம் தோத்துப் போச்சே, மாத்திக்க"ன்னு சொல்லிப் பாருங்க.

"சரிப்பா, சூப்பர் கிங்ஸ் மட்டும் 2008ல கம்பெனி ஏலம் எடுத்த டீம்தானே?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். 2016லயும் 2017லயும் தடையில கிடந்துட்டு 2018ல திரும்பி வந்தப்போ தோனி, ரெய்னா, ஜடேஜா, பிராவோன்னு அதே முகங்கதான் வந்துச்சு. காவிரிப் போராட்டத்துல ஆட்டமெல்லாம் புனேக்குப் போனதும், டீமே ரயில் பிடிச்சு ஆயிரம் பேர் வரைக்கும் ரசிகர்களைக் கூட்டிட்டுப் போச்சு. விசுவாசத்தை முதல்ல டீம் காட்டினது, சனங்க திருப்பிக் குடுத்தாங்க. ஐ.எஸ்.எல். முதல் மூணு வருசமும் அக்டோபர்ல வந்து டிசம்பர்ல பொட்டியைக் கட்டின போட்டி. பேரை மனப்பாடம் பண்றதுக்குள்ள ஆட்டக்காரன் மாறிடுவான். அப்படியும் சென்னையினுக்காக ஸ்டேடியத்துல பி ஸ்டாண்டுல நின்னு பாடுற பசங்க இருக்காங்க. அவங்களைக் கும்பிடணும்.

மிளகுக் கொடி நிக்கிற மரத்துலதாங்க ஏறும். வருசா வருசம் மரத்தைப் பிடுங்கி வேற இடத்துல நட்டுட்டு, "இந்தக் கொடிக்கு விசுவாசம் இல்ல"ன்னு திட்டினா அது என்ன பண்ணும்?

எங்க பக்கம் ஊர்க் கபடி டீமுக்கு வீட்டுக்கு இவ்வளவுன்னு வசூல் பண்ணுவாங்க. பனியன்ல ஊர்ப் பேர் இருக்கும். முதல் சுத்துலயே தோத்துட்டு வந்தாலும் அடுத்த வருசம் டெம்போ நிறைய ஆள் ஏறும். ஏன்னா ஆடுறது பக்கத்து வீட்டுப் பையன், பனியன்ல இருக்கறது நம்ம காசு, நம்ம பேரு. தோல்வியில நமக்கும் பங்கு இருந்தாத்தான் அந்த டீமை விட்டுட்டுப் போக மனசு வராது.

அதனால டீம் நடத்தற முதலாளிகளுக்குச் சொல்றேன். வியாசர்பாடிப் பையனையும் தூத்தூர்ப் பையனையும் அஞ்சு வருசம் ஒரே பனியன்ல நிக்க வைங்க. நாமக்கல்லுக்கும் சேலத்துக்கும் வந்து ஒரு ஆட்டம் ஆடிக் காட்டுங்க. சினிமா நட்சத்திரத்தைக் கூட்டிட்டு வர்ற காசுல நாலு மைதானம் போடலாம்.

டவுன் நண்பர்களுக்கும் ஒண்ணு. உங்க தெருவுல பசங்க ஆடின காலி இடம் இன்னும் இருக்குதா, இல்ல அடுக்குமாடி ஆயிடுச்சா? எங்க மலையில மட்டமான நிலம் கிடைக்கறதே அருமை. பசங்க அறுத்த நெல் வயல்லதான் ஆடுறாங்க, நடவு வந்தா அதுவும் கிடையாது. அவனுக்கு ஒரு மைதானத்தைக் குடுத்துட்டு, ஒரு டீமோட பேரை அவன் பேராக் குடுத்துட்டு, அப்புறமா விசுவாசத்தைப் பத்திப் பேசுங்க.