ஏழு வயது வரை காத்திருக்க வேண்டாம்: குழந்தையின் இசை தூளியில் தொடங்குகிறது

பேராக்கின் பழைய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ‘ஆயாக் கொட்டகை’ என்றாலே பல நினைவுகள் வரும். விடியும் முன்பே பெரட்டுக்குப் போக வேண்டிய தாய்மார்கள், கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுத்தான் பால்மரம் வெட்டப் போவார்கள். உத்தரத்தில் சேலைத் தூளிகள் வரிசையாகத் தொங்கும். ஒன்றை ஆட்டிக்கொண்டே இன்னொரு குழந்தைக்கும் கேட்கும்படி ஆயா பாடுவார்.

அதை ஒரு பொற்காலம் என்று சொல்லிவிட முடியாது. பிள்ளைகள் பலர், ஆயா ஒருவர், கொட்டகையோ மிக எளியது. ஆனால் அங்கே கிடைத்த ஒன்றை இன்று பல வீடுகளில் காணவில்லை. குழந்தையைப் பார்த்து, அதனோடு சேர்ந்து அசைந்து பாடும் ஓர் ஆள்தான் அது.

ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, சில வீடமைப்புப் பகுதிகளாயின. குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட், பத்து காஜா என்று தாமான்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தன. தாய், தந்தை இருவருக்கும் வேலை. பாட்டி வேறு ஊரில். இன்று தூளியை மின்தொட்டில் ஆட்டுகிறது. தாலாட்டைக் கைப்பேசி பாடுகிறது.

இதனால் குழந்தை எதையாவது இழக்கிறதா? புதிய பாலர் பள்ளிக் கலைத்திட்டம் 2026-இலும், தொடக்கப்பள்ளிக்கான புதிய கலைத்திட்டம் 2027-இலும் நடப்புக்கு வருகின்றன. இந்த நேரத்தில் பெற்றோரும் ஆசிரியரும் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது.

பிறக்கும் முன்பே திறக்கும் காது

கருவில் ஆறு மாதத்தைக் கடந்த குழந்தைக்கு ஒலி கேட்கத் தொடங்கிவிடுகிறது. பிறந்த சில நாள்களில் அது பிற பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்பிக் கேட்கிறது என்று டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1980-இல் காட்டினர். தாளத்துக்கும் குழந்தை அந்நியமன்று. 2009-இல் வெளிவந்த ஹங்கேரிய ஆய்வு ஒன்றில், உறங்கிக்கொண்டிருந்த பச்சிளங் குழந்தைகளுக்கு மத்தள ஒலியை ஒலிக்கவிட்டு, இடையிடையே முதல் அடியை மட்டும் நீக்கினர். விழ வேண்டிய அடி விழாதபோது குழந்தையின் மூளை அதைக் கண்டுகொண்டது.

அடுத்தது நம் தூளிக்கு மிக நெருங்கிய ஆய்வு. கனடாவின் பிலிப்ஸ்-சில்வர், டிரெய்னர் இருவரும் 2005-இல் ஏழு மாதக் குழந்தைகளுக்கு அழுத்தம் எதுவும் இல்லாத ஒரே தாளத்தைக் கேட்கச் செய்தனர். சில குழந்தைகளை இரண்டு அடிக்கு ஒருமுறையும், சிலவற்றை மூன்று அடிக்கு ஒருமுறையும் தூக்கி ஆட்டினர். பிறகு பார்த்தால், ஒவ்வொரு குழந்தையும் தன்னை ஆட்டிய கணக்குக்குப் பொருந்திய தாளத்தையே விரும்பிக் கேட்டது. பிறர் ஆடுவதை வெறுமனே பார்த்த குழந்தைகளிடம் இந்த விருப்பம் தோன்றவில்லை. அதாவது, குழந்தை தாளத்தைக் காதால் மட்டும் கற்பதில்லை, உடலாலும் கற்கிறது.

பிள்ளைத்தமிழ் கண்ட வரிசை

நம் முன்னோர் இதைக் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள். பிள்ளைத்தமிழ் இலக்கியத்தின் பத்துப் பருவங்களில் இசையோடு ஒட்டியவற்றை மட்டும் எடுத்துப் பாருங்கள். தலையை நிமிர்த்தி அசையும் செங்கீரை முதலில். தாலாட்டுக் கேட்கும் தால் அடுத்து. அதன்பின் கை கொட்டும் சப்பாணி. ஆண்பால் பிள்ளைத்தமிழில் கடைசியை ஒட்டி வருவது சிறுபறை கொட்டும் பருவம். அசைவு, கேட்டல், கைத்தட்டல், கருவி என்று இது வரிசையாக வளர்கிறது.

இன்றைய ஆய்வுகளும் ஏறக்குறைய இதே பாதையைத்தான் காட்டுகின்றன. முதல் ஆண்டில் குழந்தை கேட்கிறது, அசைகிறது. ஒன்றரை வயதையொட்டித் தானாக முனகிப் பாடத் தொடங்குகிறது. இரண்டு மூன்று வயதில் பாட்டின் துண்டுகளைப் பிடித்துக்கொள்கிறது. ஐந்து வயதையொட்டிப் பல குழந்தைகள் ஒரு முழுப் பாட்டை ஓரளவு சுருதியோடு பாடிவிடுகின்றன. ஒவ்வொரு குழந்தையின் வேகமும் வேறுபடும். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை.

ஊர்க் காது உருவாகும் காலம்

ஹானன், டிரெஹப் என்ற ஆய்வாளர்களின் 2005-ஆம் ஆண்டு முடிவுகள் நம்மைப் போன்ற சமூகத்துக்கு முக்கியமானவை. வட அமெரிக்காவின் ஆறு மாதக் குழந்தைகள், தம் ஊர்த் தாளத்தில் நேரும் பிழையை மட்டுமல்ல, பால்கன் நாடுகளின் சமமற்ற தாளங்களில் நேரும் பிழையையும் கண்டுகொண்டன. பன்னிரண்டு மாதத்தில் அந்த அயல் காது மங்கிவிட்டது. ஆனால் இரண்டு வாரம் வீட்டில் அந்த இசையை ஒலிக்கவிட்டதும் குழந்தைகளிடம் அது திரும்பியது. பெரியவர்களிடம் அப்படி எளிதில் திரும்பவில்லை.

நம் இசையிலும் ஐந்தடி, ஏழடித் தாளங்கள் உண்டு. கண்டச்சாப்பும் மிச்ரச்சாப்பும் மேடைக்கு மட்டும் உரியவை அல்ல. அவற்றைச் சிறு வயதிலேயே கேட்ட பிள்ளைக்குப் பின்னாளில் மிருதங்கமோ உறுமியோ கற்பது எளிதாகலாம். தொட்டிலிலிருந்தே நான்கடித் தாளம் கொண்ட சினிமாப் பாட்டையும் காணொளிப் பாட்டையும் மட்டும் கேட்ட பிள்ளை அவற்றைப் பிற்பாடு புதிதாகப் பழக வேண்டியிருக்கும்.

மொசார்ட் மயக்கம் வேண்டாம்

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘இசை கேட்டால் பிள்ளை கணிதத்தில் கெட்டிக்காரன் ஆவான்’ என்று விற்பவர்கள் உண்டு. இந்தப் பேச்சு 1993-இல் வெளிவந்த ஓர் ஆய்விலிருந்து பிறந்தது. அதில் பங்கேற்றவர்கள் குழந்தைகள் அல்லர், கல்லூரி மாணவர்கள். கிடைத்த பலனும் சில நிமிடங்களே நீடித்தது. 2013-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் நான்கு வயதுப் பிள்ளைகளை இசை வகுப்பில் சேர்த்துச் சோதித்தபோது, அறிவுத்திறன் உயர்ந்ததற்கு நம்பத்தக்க சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் இசையால் என்ன பயன்? கனடாவில் 2012-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இதற்கு விடை சொல்கிறது. ஆறு மாதக் குழந்தைகள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவில் பெற்றோர் குழந்தையோடு சேர்ந்து பாடித் தாளம் தட்டினர். மற்றதில் குழந்தைகள் விளையாட, பின்னணியில் பதிவிசை ஒலித்தது. ஓராண்டு வயதில் முதல் குழுக் குழந்தைகள் சுட்டிக்காட்டுதல், கையசைத்தல் போன்ற சைகைகளில் முந்தியிருந்தன, அதிகம் சிரித்தன, அழுதால் எளிதில் அமைதியடைந்தன. இரண்டரை வயதுப் பிள்ளைகூட இயந்திரத்தைவிட மனிதரோடு சேர்ந்து கொட்டும்போது தாளத்தை நன்றாகப் பிடிக்கிறது என்று 2009-இல் ஜெர்மனியில் கிர்ஷ்னர், டொமசெல்லோ இருவரும் கண்டனர்.

கைப்பேசிப் பாட்டால் காது பழகும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் குழந்தை சிரித்தால் கைப்பேசி சிரிக்காது, குழந்தை சோர்ந்தால் அது வேகத்தைக் குறைக்காது. ஆயா அதைச் செய்தார். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் 2019-ஆம் ஆண்டுப் பரிந்துரை. இரண்டு முதல் நான்கு வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றும் அது சொல்கிறது.

ஏழு வயது என்னும் கோடு

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. இன்று 130-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் பேராக்கில் இயங்குகின்றன. அவற்றில் பல அந்தத் தோட்டப் பள்ளிகளின் வழிவந்தவை. ஆனால் அந்த ஏழு வயதுக் கோடு நம் மனத்திலும் பதிந்துவிட்டது. முதலாம் ஆண்டுக்குப் போன பிறகு பாட்டு வகுப்புப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். ஏழு வயதுக்கு முந்திய இசைக்கு அன்று ஆயாவும் பாட்டியும் பொறுப்பாக இருந்தார்கள். அந்தப் பொறுப்பை இன்று யாரும் ஏற்கவில்லை. மாதக் கட்டணம் கட்டக்கூடிய குடும்பம் ஈப்போவில் வகுப்புத் தேடிக்கொள்ளும். முடியாத குடும்பத்தின் பிள்ளைக்குக் கைப்பேசிதான்.

இதைச் சரிசெய்யப் பெரிய செலவு தேவையில்லை.

பெற்றோர் நாளுக்குப் பத்து நிமிடம் குழந்தையை மடியில் வைத்துப் பாடினாலே போதும். குரல் நன்றாக இல்லையே என்று கூச்சப்பட வேண்டாம்; குழந்தைக்குத் தேவை உங்கள் குரல்தான்.

பாலர் பள்ளிக் கலைத்திட்டத்தில் இசை ஏற்கெனவே இருக்கிறது. அதை ஆண்டு விழா ஆட்டத்துக்கான ஒத்திகையாகச் சுருக்காமல், பாடுதல், தட்டுதல், அசைதல் என்று அன்றாட வழக்கமாக்கலாம். வாரம் ஒருநாள் வட்டாரத்துப் பாட்டி ஒருவரை வகுப்புக்கு அழைக்கலாம்.

ஆலயங்களில் வெள்ளிக்கிழமை பஜனையின்போது சிறுவர்களை முன்வரிசையில் அமர்த்தி ஜால்ராவைக் கையில் கொடுக்கலாம். அதே வேளையில், கல்லுமலைத் தைப்பூசத்தில் உறுமி முழங்கும் இடத்துக்கு மிக அருகே கைக்குழந்தையைத் தூக்கிப் போக வேண்டாம். பிஞ்சுக் காது அந்த ஒலியைத் தாங்காது.

இன்னொரு வேலை அவசரமானது. தோட்டப்புறச் சூழலில் வளர்ந்த முத்தம்மாள் பழனிசாமி, தாம் கேட்டு வளர்ந்த பாடல்களை ‘நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்’ என்ற நூலாக்கினார். அப்படி எழுதப்படாத தாலாட்டுகள் இன்னும் எத்தனையோ பாட்டிமார்களின் நினைவில் இருக்கின்றன. லயத்து வீட்டில் தாலாட்டுப் பாடியவர்களில் பலர் இன்று எழுபது, எண்பது வயதைக் கடந்தவர்கள்.

இளையோரே, இந்த விடுமுறையில் உங்கள் பாட்டியிடம் போய் அமருங்கள். அவர் பாடுவதைக் கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். குழந்தைக்குப் போட்டுக் காட்டுவதற்காக அல்ல. முதலில் நீங்கள் அந்தப் பாட்டைக் கற்றுக்கொண்டு, பிறகு தம்பியையோ தங்கையையோ அக்காள் குழந்தையையோ மடியில் வைத்து நீங்களே பாடுவதற்காக.