மலைக்கு யார் போகலாம்?

ஒவ்வொரு கோடையிலும் நம் வாசிப்பு வட்டங்களில் இந்தப் பேச்சு வரும். திண்டுக்கல், தேனி, மதுரை, பழனி என்று எந்த ஊர் வட்டமாக இருந்தாலும் யாராவது ஒருவர், "இந்த மாதக் கூட்டத்தைக் கொடைக்கானலில் வைத்துக்கொள்ளலாமா தோழர், அப்படியே ஒரு நாள் சுற்றிவிட்டு வரலாம்" என்று மெல்லக் கேட்பார். உடனே இன்னொருவர், "ஊரில் ஆயிரம் பிரச்சினை கிடக்கிறது, உங்களுக்குச் சுற்றுலா கேட்கிறதா?" என்பார். கேட்டவர் வாயை மூடிக்கொள்வார். கூட்டம் வழக்கம்போல யாரோ ஒருவர் வீட்டு மொட்டை மாடியில், பன்னிரண்டு ஆண்களும் ஒரு பெண்ணும் உட்கார்ந்திருக்க, நடந்து முடியும்.

நாம் கேட்டவர் பக்கம். அவருக்குத் துணையாக ஒரு பெரிய சாட்சியும் இருக்கிறார்.

1934ஆம் ஆண்டு. இயக்கத்தில் தன்னோடு வேலை செய்த தோழர்கள் சிலர், சுற்றிப் பார்க்கப் போக வேண்டும், நீங்களும் வர வேண்டும் என்று அம்பேத்கரைக் கேட்டார்கள். அவர் மறுக்கவில்லை. சுமார் முப்பது பேர் பேருந்து பிடித்துக் கிளம்பினார்கள். எல்லோரா குகைகளைப் பார்ப்பது திட்டம். வழியில் தௌலதாபாத் கோட்டை. அது ரமலான் மாதம். கோட்டை வாசலில் நிறைந்து வழிந்த குளம் ஒன்று இருந்தது. உடம்பெல்லாம் சாலைப் புழுதி. சிலர் அந்தத் தண்ணீரில் கைகால் முகம் கழுவினார்கள். அவ்வளவுதான். வெண்தாடி வைத்த ஒரு முதியவர் பின்னால் கத்திக்கொண்டே ஓடிவந்தார், தீண்டத்தகாதவர்கள் குளத்தைத் தீட்டுப்படுத்திவிட்டார்கள் என்று. கூட்டம் கூடிவிட்டது. மதம் மாறி வந்தால் அப்போதும் தண்ணீரைத் தடுப்பீர்களா என்று அம்பேத்கர் திருப்பிக் கேட்ட பிறகுதான் சத்தம் சற்று அடங்கியது. கடைசியில் கோட்டைக்குள் விட்டார்கள். உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடக் கூடாது என்ற நிபந்தனையோடு, அதைக் கண்காணிக்க ஆயுதம் தாங்கிய ஒரு காவலரையும் கூடவே அனுப்பினார்கள். இந்துவுக்குத் தீண்டத்தகாதவன் மற்ற மதத்தாருக்கும் தீண்டத்தகாதவன்தான் என்பதை உணர்த்தவே 'வெயிட்டிங் ஃபார் எ விசா' என்ற சிறு தன்வரலாற்றுக் குறிப்பில் இதை அவர் எழுதிவைத்தார்.

பூனா ஒப்பந்தம் முடிந்து இரண்டு ஆண்டு. வட்டமேசை மாநாடுகளில் பேசிவிட்டு வந்த மனிதர். அவருக்குத் தலைக்கு மேல் வேலை இல்லாமலா தோழர்களோடு குகை பார்க்கப் போனார்? நண்பர்களோடு சேர்ந்து ஓர் அழகான இடத்தைப் பார்ப்பது மனிதருக்கு உரிய சாதாரண ஆசை. அந்தச் சாதாரண ஆசைக்குக்கூடக் காவலர் துணை தேவைப்பட்டது என்பதில்தான் சாதி இருக்கிறது.

இனி நம் மலைக்கு வருவோம்.

கொடைக்கானல் என்ற ஊரே சிலருக்காக மட்டும் உண்டாக்கப்பட்டது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி மேலே வீடு கட்டினார்கள். 1863இல் வெர் ஹென்றி லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். மோட்டார் சாலை வரும்வரை பெரியகுளம் பக்கத்திலிருந்து துரைமாரும் துரைசானிமாரும் டோலியில்தான் ஏறினார்கள். அந்த டோலியைச் சுமந்த தோள்கள் யாருடையவை என்று தேட வேண்டியதில்லை. அந்த ஏற்றப் பாதைக்கு அவர்கள் வைத்த பெயரே 'கூலி காட்'. 1890இல் தொடங்கிய படகுக் குழாம் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1932இல். துடுப்பு போட நாற்பது ஆண்டுக்கு மேல் காத்திருந்திருக்கிறோம். அதுவரை நம் முன்னோர் மலைக்குப் போகாமல் இல்லை. போனார்கள், சுமையோடு. காப்பித் தோட்டத்துக்கும் ஏலத் தோட்டத்துக்கும் மரம் வெட்டவும் போனார்கள். 1964 ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்களில் பலரும் இந்த மலையில்தான் கூலிக்கு வந்து சேர்ந்தார்கள். வேலை செய்யப் போனவரை மலை என்றும் தடுத்ததில்லை. வேடிக்கை பார்க்கப் போனவரைத்தான் 'நீ யார்?' என்று கேட்டது.

அந்தக் கேள்வி முடிந்துவிட்டதா? 2006இல் கொச்சிக்கு அருகே மஞ்ஞும்மல் என்ற ஊரிலிருந்து ஒரு நண்பர் கூட்டம் கொடைக்கானல் வந்தது. குணா குகையில் அவர்களில் ஒருவர் ஆழக் குழிக்குள் விழுந்தார். உள்ளே இறங்க மற்றவர்கள் தயங்கியபோது நண்பர்களில் இன்னொருவர் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவரை மேலே கொண்டுவந்தார். 2024 பிப்ரவரியில் சிதம்பரம் இயக்கத்தில் வந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தால் இது தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த கதை. அன்று உதவி கேட்டுப் போன இடத்தில் காவல்துறையிடம் அடிவாங்கினார்கள் என்ற புகாரை விசாரிக்கும்படி, படம் ஓடி முடிந்த பிறகு 2024இல்தான் தமிழ்நாடு உள்துறை காவல்துறைத் தலைமைக்குச் சொன்னது. பதினெட்டு ஆண்டு.

படம் வந்த அடுத்த மாதமே எழுத்தாளர் ஜெயமோகன் அந்த இளைஞர்களையும் அவர்களைப் போலச் சுற்றுலா வருகிறவர்களையும் குடித்துவிட்டுத் திரியும் பொறுக்கிகள் என்று தன் தளத்தில் எழுதினார். காட்டுக்குள் உடைத்துப் போடும் பாட்டில்கள் யானையின் காலைக் கிழிக்கின்றன என்ற அவரது கோபத்தில் நமக்கு மறுப்பு இல்லை. அது உண்மை, வெட்கக்கேடான உண்மை. ஆனால் பாட்டிலைப் பற்றிப் பேச 'பொறுக்கி' என்ற சொல் எதற்கு? ஏரிக்கரை விடுதிகளின் குளிரூட்டிய அறைக்குள் குடிப்பவரை அந்தச் சொல் தொடுவதில்லை. கழிவைச் சோலைக்குள் விட்ட நிறுவனத்தையும் தொடுவதில்லை. பெயின்ட் அடிப்பவர், டிரைவர், கடையில் நிற்பவர் என உழைத்துப் பிழைக்கும் இளைஞர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வண்டி பிடித்துச் சத்தமாகச் சிரித்தால் மட்டும் அது நாவில் வந்து நிற்கிறது. யாருடைய ஓய்வு பண்பாடு, யாருடைய ஓய்வு கூத்து என்று பிரிக்கும் பழைய தராசு இது.

மலையின் வடக்கு அடிவாரத்தில் பழனி. 2024 ஜனவரி 30 அன்று உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கொடிமரத்துக்கு அப்பால் இந்து அல்லாதோர் செல்லக் கூடாது, அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும், சாமி கும்பிட விரும்பும் மாற்று மதத்தவரிடம் உறுதிமொழி பெற வேண்டும் என்று தீர்ப்பளித்தது. கோயில் ஒன்றும் சுற்றுலாத் தலமல்ல என்பது அந்தத் தீர்ப்பின் வாதம். 1939இல் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நுழைவதற்கே போராட வேண்டியிருந்த மக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தப் பலகையின் மொழி புதிதல்ல. சித்தர் போகர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற, காவடி தூக்கிப் பல திசைகளிலிருந்தும் மக்கள் நடந்து வருகிற மலை அது. நம் வட்டத்தில் ஓர் இஸ்லாமியத் தோழர் இருந்தால், பயணத்திட்டத்தில் பழனியைச் சேர்ப்பதா என்பது பக்திப் பிரச்சினை இல்லை, தோழமைப் பிரச்சினை. சேர்ந்து போக முடியாத இடத்தை ஒதுக்கிவிட்டு மேலே போவோம்.

அதே பழனியிலிருந்து உடுமலை செல்லும் சாலையில் மடத்துக்குளம். அந்த வட்டத்தில் ராஜாவூர் என்ற கிராமம். அங்கே ஒரு தெருவில் பட்டியல் சாதி மக்கள் செருப்புப் போட்டு நடந்ததில்லை. 2023 டிசம்பரில் தீண்டாமை ஒழிப்பு முன்னணியோடு சேர்ந்து சுமார் அறுபது பேர் செருப்புக் காலோடு அந்தத் தெருவில் நடந்தார்கள். சில நூறு மீட்டர் நடை. சென்ற சில ஆண்டுகளில் இந்தப் பகுதியில் நடந்த மிக அருமையான 'அவுட்டிங்' அதுதான் என்று சொல்வோம். வட்டக்கானலிலிருந்து இறங்கும் மலையேற்றக் குழுக்கள் வெள்ளகவி கிராமத்தில் யாரும் செருப்பு அணிவதில்லை என்று வியந்து காணொளி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அது எல்லோருக்கும் பொதுவான கோயில் வழக்கம் என்கிறார்கள். இருக்கட்டும். ஆனால் செருப்பைக் கழற்றுவது சிலருக்குச் சுவையான அனுபவம். தாத்தா அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த குடும்பத்துப் பிள்ளைக்கு வேறு ஏதோ ஒன்று. ஒரே குழுவில் இருவரும் நடக்கும்போது, அன்று இரவு உட்கார்ந்து பேச இதைவிடப் பெரிய பாடநூல் தேவையில்லை.

பயணம் அதற்காகத்தான் வேண்டும் என்கிறோம். நம் ஊரில் வேன் எப்படி நிரம்புகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் சொந்தபந்தம். குலதெய்வம், காதுகுத்து, சாதிச் சங்கத்தின் குடும்ப விழா. அங்கேயே வரன் பார்ப்பதும் முடிந்துவிடும். சாதி நூல்களில் வாழ்வதைவிட இந்த வேன்களில் வசதியாக வாழ்கிறது. சுயமரியாதை இயக்கம் சமபந்தி விருந்துகளை நடத்தியதற்கு ஒரு காரணம் இருந்தது. சேர்ந்து உண்பது மட்டும் சாதியைக் கொன்றுவிடாது என்று 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் அம்பேத்கர் எழுதியதற்கும் காரணம் இருந்தது. பந்தலில் ஒருவேளை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இரண்டு நாள் ஒரே கூரையின் கீழ் இருப்பது அப்படியல்ல. யார் சமைக்கிறார், யார் பாத்திரம் கழுவுகிறார், மாட்டுக்கறி என்றதும் யார் முகம் சுளிக்கிறார், யாருடைய அக்கா திருமணத்தைப் பற்றிப் பேசும்போது பேச்சு மாறுகிறது — மேடையில் முழங்கும் தோழரையும் அந்த அறையில் பார்த்துவிடலாம். கொஞ்சம் சங்கடமாக இருக்கும். இருக்கட்டும்.

மேலே போய் எதைப் பார்ப்பது? தூண்பாறையைப் பாருங்கள், தப்பில்லை. 2030இல் குறிஞ்சி பூக்கும், அதையும் பாருங்கள். ஆனால் புனித மரியன்னை சாலையில் அந்த வெப்பமானி ஆலை இருந்த இடத்துக்கும் ஒருமுறை போங்கள். நியூயார்க் மாநிலத்தில் மூடப்பட்ட ஆலையின் இயந்திரங்கள் 1980களின் தொடக்கத்தில் இங்கே வந்தன. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் குவிந்து கிடந்தது 2001இல் அம்பலமாகி ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கு உடன்பாடு கிடைத்தது 2016 மார்ச்சில். அதற்கு முந்தைய ஆண்டு சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் உலகமெங்கும் சுற்றியது நினைவிருக்கும். பதினைந்து ஆண்டு மனு கொடுத்தவர்களின் உழைப்பு அடியில் இருந்தது. பாட்டு அதைத் தூக்கிக் காட்டியது. பண்பாட்டு வேலை என்று நாம் சொல்வது இதைத்தான்.

பளியர் குடியிருப்புகளுக்குப் போக ஆசைப்படும் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. அவர்கள் வீடு காட்சிக்கூடம் இல்லை. அழைப்பில்லாமல் கேமராவோடு போய் நிற்காதீர்கள். இந்த மலையின் பழங்குடி மக்கள் 2006 வன உரிமைச் சட்டத்தின் கீழ் தங்கள் நிலத்துக்கும் சேகரிப்பு உரிமைக்கும் மனுப் போட்டுக்கொண்டிருக்கும் மக்கள். 2013இல் கொடைக்கானல் காட்டுயிர்ச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதால் காட்டோடு அவர்களுக்குள்ள உறவு இன்னும் சிக்கலாகியிருக்கிறது. அங்கே வேலை செய்யும் அமைப்புகள் வழியாக, அவர்கள் கூப்பிட்டால், அவர்களுக்கு வசதியான நாளில் போகலாம். மனு எழுத, படிவம் நிரப்ப ஆள் தேவைப்படலாம். தேனும் கடுக்காயும் அவர்கள் சொல்லும் விலைக்கு வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.

நடைமுறைக் காரியங்கள் கொஞ்சம். 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் முறை வந்திருக்கிறது, கிளம்புமுன் பாருங்கள். சிறிய பிளாஸ்டிக் தண்ணீர்ப் பாட்டில்களுக்கும் அங்கே கட்டுப்பாடு உண்டு. எவர்சில்வர் குடத்தை வேனில் ஏற்றிக்கொண்டால் தீர்ந்தது. கண்ணாடிப் பாட்டிலைக் காட்டில் விட்டுவிட்டு வருகிற குழு தன்னைச் சமூகநீதிக் குழு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம். செலவைத் தலைக்குச் சமமாகப் பிரிக்காதீர்கள். மாதச் சம்பளக்காரர் கூடப் போடட்டும், படிக்கிற பிள்ளையும் தினக்கூலித் தோழரும் முடிந்ததைப் போடட்டும், யார் எவ்வளவு என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். இது சின்ன விஷயமாகத் தோன்றும். நம் கூட்டங்களிலிருந்து ஆட்கள் மெல்லக் காணாமல் போவது பெரும்பாலும் இந்தச் சின்ன விஷயத்தால்தான்.

பெரிய விஷயம் பெண்கள். அந்த மொட்டை மாடியில் பன்னிரண்டுக்கு ஒன்று என்று இருக்கும் கணக்குக்குக் காரணம் பெண்களுக்கு ஆர்வமில்லாமை இல்லை. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் கடைவீதிக்கு வந்து திரும்பிய ஓர் இளம் இணையரை வெட்டினார்கள். குமரலிங்கம் சங்கர் இறந்தார். பழனியைச் சேர்ந்த கௌசல்யா பிழைத்து வந்து, சங்கர் பெயரில் அறக்கட்டளை தொடங்கி, அவன் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம் நடத்தினார், பறை கற்றார். ஆணும் பெண்ணும் சேர்ந்து ஒரு கடைவீதிக்குப் போனதற்கு இந்த மலையடிவாரத்தில் விலை அதுவாக இருந்திருக்கிறது. அப்படியிருக்க, 'மகளை இரண்டு நாள் அனுப்புங்கள்' என்று ஒரு வீட்டில் கேட்பது லேசில்லை. பயப்படுகிற பெற்றோரைப் பிற்போக்கு என்று திட்டி ஆகப்போவது எதுவுமில்லை.

நாம் சொல்வது, முதல் பயணத்தில் அம்மாக்களையும் அழைத்துப் போங்கள். நிலக்கோட்டைப் பக்கம் பூப்பறித்துக்கொண்டே வாழ்நாள் முழுக்க அந்த மலையைத் தூரத்தில் பார்த்தவர்கள், ஏரியை ஒருமுறையும் பார்க்காதவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அன்றைய கூட்டத்தில் அவர்களைப் பேசச் சொல்லுங்கள், நீங்கள் கட்டுரை படிக்க வேண்டாம். சமையலுக்கு அவர்களை விடாதீர்கள், ஆண் தோழர்கள் செய்யட்டும், உப்பு கூடினாலும் பரவாயில்லை. வேனில் முன் இருக்கை அவர்களுக்கு. காட் ரோட்டு வளைவுகளில் தலை சுற்றும், நாலைந்து எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.