அண்ணன் ரெக்கார்டை உடைக்காத தம்பி

முதலில் கணக்கு. பி.காம். படித்தவன் வேறு எப்படி ஆரம்பிப்பான்?

செலவு சுமார் 12 கோடி டாலர். உலகம் பூராவும் ஓட்டியதில் வசூல் 9.4 கோடி டாலர். அதிலும் தியேட்டர்காரர்கள் பங்கு என்று கிட்டத்தட்ட பாதி போய்விடும். போஸ்டர், விளம்பரச் செலவு தனி. இந்த அயிட்டத்தை எந்த ஆடிட்டரிடம் காட்டினாலும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "தலை முழுகிடுங்க சார்" என்பார்.

படத்தின் பெயர் 'ஸ்பீட் ரேசர்'. 2008 மே 9-ம் தேதி அமெரிக்காவில் ரிலீஸ். அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் 'அயன் மேன்' வந்து இரும்புச் சட்டையோடு தியேட்டர்களில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. முதல் சனி, ஞாயிறு கணக்கில் நம்ம ரேஸ் காருக்கு மூன்றாவது இடம். ஸ்பீட் எல்லாம் பெயரில் மட்டும்தான்!

எடுத்தவர்கள் சாதாரண ஆட்களில்லை. 1999-ல் 'மேட்ரிக்ஸ்' எடுத்து உலகத்தில் பாதிப் பேரைக் கறுப்புக் கண்ணாடி வாங்க வைத்த லானா வச்சோவ்ஸ்கி, லில்லி வச்சோவ்ஸ்கி. 'நீ பார்க்கிறது எதுவுமே நிஜமில்லை' என்று பயமுறுத்திய கோஷ்டி, திடீரென்று குஞ்சு குளுவான்களோடு வாங்க, படத்தில் சிம்பன்ஸி எல்லாம் உண்டு என்று கூப்பிட்டால் யார் நம்புவார்கள்? 'மேட்ரிக்ஸ்' ரசிகர்கள், சின்னப் பசங்க படம் என்று ஒதுங்கினார்கள். சின்னப் பசங்க, இரண்டே கால் மணி நேரம் உட்கார முடியாமல் பாப்கார்னைக் கொட்டினார்கள். விமர்சகர்களில் பலர் கண் வலிக்கிறது என்றார்கள்.

ஆனால், சார், இந்தத் தோற்றுப்போன படத்தில் மாதச் சம்பளக்காரனுக்கு என்று ஒரு சமாசாரம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த வாரம் இந்தப் பக்கம்.

கதை ஜப்பானில் ஆரம்பிக்கிறது. டட்சுவோ யோஷிடா என்கிற ஓவியர், தம்பிகளோடு சேர்ந்து 1962-ல் 'டட்சுனோகோ' என்று ஒரு கார்ட்டூன் கம்பெனி ஆரம்பித்தார். (குடும்ப நிறுவனம். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.) 1967-ல் டி.வி.யில் வந்தது இவர்களுடைய 'மாக் கோ கோ கோ'. மொத்தம் 52 வாரம்.

பெயரிலேயே ஒரு சிலேடை. கார் பெயர் 'மாக் 5'. ஜப்பானிய மொழியில் ஐந்துக்கு 'கோ'. கதாநாயகன் பெயரும் கோ. இங்கிலீஷ் 'கோ' வேறு இருக்கிறது. ஒரே எழுத்தில் மூன்று வேலை வாங்கிவிட்டார் மனிதர். ஹீரோவின் முழுப் பெயர் கோ மிஃபூனே. குரோசவா படங்களில் வாளோடு முறைப்பாரே தோஷிரோ மிஃபூனே, அவர் ஞாபகமாக. உடையும் தலைமுடி ஸ்டைலும் எல்விஸ் பிரஸ்லி ரேஸ் ஓட்டிய 'விவா லாஸ் வேகாஸ்' உபயம். காரில் வைத்த ஜிகினா வேலைகள் ஜேம்ஸ்பாண்டின் 'கோல்டு ஃபிங்கர்' கார் உபயம். ஸ்டியரிங்கில் ஏ-யிலிருந்து ஜி வரை பட்டன்கள். ஒன்றை அழுத்தினால் கார் எகிறும், ஒன்றை அழுத்தினால் ரம்பம் வந்து மரத்தை அறுக்கும், கடைசிப் பட்டனுக்கு ஒரு ரோபோ புறாவே பறக்கும்.

இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய் இங்கிலீஷ் பேச வைத்தவர் பீட்டர் ஃபெர்னாண்டஸ். வசனமும் எழுதி, ஹீரோவுக்கும் அவனுடைய முகமூடிப் போட்டியாளனுக்கும் இவரே குரலும் கொடுத்தார். ஜப்பானிய வாயசைவுக்குள் இங்கிலீஷைத் திணிக்க வேண்டுமே! எல்லாக் கேரக்டரும் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போகிற மாதிரி மூச்சு விடாமல் பேசும். ஹீரோ பெயரை 'ஸ்பீட் ரேசர்' என்று மாற்றினார்களே தவிர, சட்டையில் இருந்த 'ஜி' எழுத்தை மாற்ற முடியவில்லை. ஸ்பீடுக்கு எதற்கு ஜி என்று எந்தக் குழந்தையும் கேட்டதாகத் தெரியவில்லை. குழந்தைகள் நல்லவர்கள்.

2008 படத்தில் ஒரு காட்சியில் ரேஸ் வர்ணனையாளராக வந்து போகிறவர் அதே ஃபெர்னாண்டஸ்தான்.

சரி, படத்துக்கு வருவோம். முதலில் கலர்.

எஸ்.எஸ்.எல்.சி. ஜியாமெட்ரி பாக்ஸில் இருந்த எல்லா ஸ்கெட்ச் பேனாக்களையும் ஒரே நேரத்தில் உடைத்துத் திரையில் ஊற்றினால் எப்படி இருக்கும்? அப்படி. ஜெர்மனியில், பெர்லினுக்குப் பக்கத்தில் பாபல்ஸ்பெர்க் ஸ்டூடியோவில் பச்சைத் திரையைக் கட்டி, நடிகர்களை அதன் முன்னால் நிறுத்தி எடுத்தார்கள். ரேஸ் என்று ஓடுவதெல்லாம் கம்ப்யூட்டர் கார். நடிகர் உட்கார்ந்து உடம்பைக் குலுக்கிக்கொண்டது ஒரு டம்மி கூண்டில்.

நாம் சாதாரணமாகப் பார்க்கிற படத்தில் முன்னால் இருக்கிற முகம் பளிச்சென்று இருந்தால், பின்னால் இருக்கிற மரம் மங்கலாக இருக்கும். காமிரா லென்ஸின் சுபாவம் அது. கார்ட்டூனில் அப்படிக் கிடையாது, வரைந்ததெல்லாம் பளிச். அதே மாதிரி வரவேண்டும் என்று ஆளைத் தனியாக, மேஜையைத் தனியாக, வானத்தைத் தனியாக எடுத்து அடுக்கு அடுக்காக ஒட்டியிருக்கிறார்கள். ஒரு காட்சி முடிந்து அடுத்தது வரும்போது, ஒருத்தர் தலை திரையின் குறுக்கே வழுக்கிக்கொண்டு போகும். அதன் பின்னாலேயே அடுத்த காட்சி வந்துவிடும். கிட்டத்தட்ட காமிக்ஸ் புத்தகத்தில் பக்கம் திருப்புகிற சுகம்.

இவ்வளவு கண்கட்டுக்கு நடுவில் கதை என்னவோ பழைய பாசக் கதைதான். நம்ம ஊர் டைரக்டர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார்கள்.

ரேசர் என்று ஒரு குடும்பம். அப்பா (ஜான் குட்மேன்) வீட்டோடு பட்டறை வைத்துக் கார் கட்டுகிறவர். அம்மா (சூசன் சரண்டன்). மூத்த பையன் ரெக்ஸ் பிரமாதமாக ஓட்டுவான். ஒரு நாள் ராத்திரி அப்பாவோடு தகராறு. வீட்டை விட்டுக் கிளம்புகிறான். 'இப்போ போனா திரும்பி வராதே' என்கிறார் அப்பா. போகிறான். கெட்ட பெயரோடு ஒரு ரேஸில் கார் வெடித்துச் செத்தும் போகிறான்.

தம்பி ஸ்பீட் (எமில் ஹிர்ஷ்) வளர்ந்து, அண்ணன் ஓட்டிய அதே ட்ராக்கில் ஓட்டுகிறான். மற்ற வண்டிகள் எங்கோ பின்னால். முன்னால் ஓடுவது அவன் கண்ணுக்குத் தெரிகிற ஒரு கார் மட்டும்: அண்ணனுடைய பழைய ரெக்கார்டு, ஆவி மாதிரி. பிடித்துவிடலாம். ஸ்டேடியமே எழுந்து நிற்கிறது. எல்லைக் கோட்டுக்கு முன்னால் பையன் லேசாக வேகத்தைக் குறைக்கிறான். ரேஸில் ஜெயம். ரெக்கார்டு அண்ணன் பெயரிலேயே இருக்கட்டும்.

ஒரு வசனம் கிடையாது. படம் ஆரம்பித்து அரை மணி ஆகவில்லை, எனக்குக் கண்ணில் ஏதோ விழுந்துவிட்டது.

அப்புறம் வருகிறது நமக்கு வேண்டிய காட்சி. ராயல்டன் என்று ஒரு பெரிய கம்பெனி முதலாளி. குடும்பத்தோடு விமானத்தில் கூட்டிப் போய்த் தன் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுகிறார். டிரைவர்களுக்குப் பயிற்சி, டாக்டர், சொகுசு, வசதி. இதற்கு முன்னால் ரேசர் வீட்டுக்கு வந்தபோது அவர்கள் சுட்ட பான்கேக்கைச் சாப்பிட்டுப் பூரித்துப்போய், அந்தச் செய்முறையையே விலைக்குக் கேட்டவர் இவர். ருசித்த உடனே விலை கேட்கிறவன் எப்படிப்பட்டவன் என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது. கையெழுத்துப் போடு, உலகம் உன் காலடியில் என்று பேப்பரை நீட்டுகிறார்.

சார், நீங்களும் நானும் என்றால் பேனாவை வாங்கிக்கொண்டுதான் பேப்பரையே படிப்போம். பி.எஃப். உண்டா என்று மட்டும் கேட்போம்.

பையன் யோசித்துவிட்டு, மன்னிக்கணும், அப்பா பட்டறையே போதும் என்கிறான். அவ்வளவுதான். ராயல்டன் முகம் மாறுகிறது. ரோஜர் அலம் என்கிற பிரிட்டிஷ் நடிகர். அதுவரை தேன். அதற்கப்புறம் ஆசிட். 'நீ சின்ன வயசிலிருந்து கொண்டாடுகிறாயே அந்தப் பழைய மகா ரேஸ், அதில் யார் ஜெயிப்பது என்று முன்னாலேயே முடிவு செய்தாகிவிட்டது. முடிவு செய்தவர்கள் முதலாளிகள். ரேஸ் என்பது ரேஸே இல்லை. ஷேர் விலையை ஏற்றி இறக்குகிற கைப்பிடி. இனிமேல் நீ ஜெயிக்கமாட்டாய். அப்பா கம்பெனி மேல் கேஸ் வரும்' என்று வகுப்பே எடுக்கிறார்.

சொன்னபடியே செய்கிறார். அடுத்த ரேஸில் பையனை அடித்து வெளியே தள்ளுகிறார்கள். டிசைனைத் திருடியதாக அப்பா மேல் கேஸ்.

என் நண்பர் ஒருவர், ஒரு தனியார் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறவர், என்னோடு உட்கார்ந்து இதைப் பார்த்தார். மார்ச் மாதம் பூரா ராத்திரி பத்து மணி வரைக்கும் இருந்து இயர் என்டிங் முடித்துக் கொடுத்தவர். ஏப்ரலில் ப்ரமோஷன் வந்தது, எம்.டி.யின் மச்சினனுக்கு.

ராயல்டன் பேசி முடித்ததும், "கரெக்டாத்தான்யா சொல்றான் அந்தாளு" என்றார் நண்பர். "முன்னாடியே ஃபிக்ஸ் பண்ணியாச்சு. நாமதான் மாங்கு மாங்குன்னு ஓடறோம்."

"அப்ப வேலையைக் குறைச்சுக்க வேண்டியதுதானே?" என்றேன்.

"போன வெள்ளிக்கிழமை டிரயல் பேலன்ஸ்ல ஒரு ரூபாய் இடிச்சுது. ராத்திரி ஒன்பதரை மணி. விட்டுட்டு வர வேண்டியதுதானே? வரலையே! தேடிக் கண்டுபிடிச்சுட்டுத்தான் வந்தேன்."

"எதுக்கு?"

"இடிச்சுதுய்யா" என்றார், வேறு என்ன காரணம் வேண்டும் என்கிற மாதிரி.

படத்தில் ஒரு ராத்திரி அம்மா, நொந்து போயிருக்கிற பையன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது கிட்டத்தட்ட இதையேதான். நீ ஓட்டுவதைப் பார்ப்பது எனக்கு ஒருத்தர் படம் வரைவதைப் பார்க்கிற மாதிரி இருக்கிறது. அதற்காகத்தான் நான் ரேஸுக்கு வருகிறேன் என்கிறாள். யார் ஜெயிக்கிறார் என்பதை முதலாளி முடிவு செய்யலாம். எப்படி ஓட்டுவது என்பது ஓட்டுகிறவனிடம்தான் இருக்கிறது. ராயல்டனின் தொழிற்சாலையில் இதற்கு மட்டும் ஸ்பேர் பார்ட் கிடையாது.

இன்னொரு காட்சி அப்பாவுக்கு. தம்பியும் ஒரு நாள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறான். மூத்தவனை அனுப்பிய அதே அப்பா. இந்த முறை குரல் உயரவில்லை. போக வேண்டுமென்றால் போ, இந்தக் கதவு எப்பவும் திறந்திருக்கும் என்கிறார். ஜான் குட்மேன் எவ்வளவு பெரிய உருவம்! அந்த உருவம் அந்த ஒரு நிமிஷத்தில் அப்படியே இளகி உட்கார்ந்துவிடும். வீட்டில் கோபித்துக்கொண்டு மேன்ஷனில் ரூம் எடுத்திருக்கிற தம்பிகள் யாராவது இதைப் படித்தால், அப்பாவுக்கு ஒரு போன் போடுங்கள். அவருக்கு இந்த வசனம் தெரியாது. ஆனால் கதவு திறந்துதான் இருக்கும்.

க்ளைமாக்ஸில் கார் நின்றுபோய், பையன் கண்ணை மூடிக் கேட்டு, அதை மறுபடி கிளப்பி ஜெயிக்கிறான். ராயல்டன் ஜெயிலுக்குப் போகிறார். முகமூடி போட்டுக்கொண்டு இவனுக்கு உதவுகிற ரேசர் எக்ஸ் யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை. இன்டர்வெல்லுக்கு முன்னால் கண்டுபிடிக்காதவர்களுக்குப் படம் பார்த்ததே வேஸ்ட்.

குறை இல்லாமல் இல்லை. குட்டித் தம்பியும் சிம்பன்ஸியும் அடிக்கிற கூத்து பல இடத்தில் பொறுமையைச் சோதிக்கும். ஷேர், டேக் ஓவர் சமாசாரம் எட்டு வயசுக்குப் புரியாது, சில எம்.பி.ஏ.க்களுக்கே சந்தேகம்தான். பெரிய கம்பெனிகளைத் திட்டுகிற படத்துக்கு, ஒரு பெரிய கம்பெனிதான் பணம் போட்டது. லெகோ பொம்மை, ஹாட் வீல்ஸ் கார் என்று கடையில் சரக்கும் இறக்கினார்கள். ராயல்டன் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார்.

ஆனாலும் 2008-ன் சிறந்த பத்துப் படங்கள் என்று 'டைம்' பத்திரிகை போட்ட பட்டியலில், 'அயன் மேன்' இருந்த அதே பட்டியலில், இதுவும் இருந்தது. வசூலில் எங்கேயோ விட்ட காரை ஒரு விமர்சகர் பக்கத்து ட்ராக்கில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார். அன்றைக்கு உதட்டைப் பிதுக்கியவர்களில் சிலர் இப்போது, 'காலத்துக்கு முந்திய படம்' என்கிறார்கள். காலத்துக்கு முந்தி என்றால் ரேஸ் காருக்கு அது பாராட்டுதானே!

பார்ப்பதாக இருந்தால் இரண்டு யோசனை. செல்போனில் பார்க்காதீர்கள், இருப்பதில் பெரிய டி.வி. யார் வீட்டில் இருக்கிறதோ அங்கே போங்கள். முதல் இருபது நிமிஷம் இப்போது, முன்னால், அதற்கும் முன்னால் என்று காலம் குறுக்கும் நெடுக்கும் ஓடும், தலை சுற்றும், எழுந்துவிடாதீர்கள். கூட ஒரு எட்டு வயசுப் பொடியன் இருப்பது உத்தமம். அவன் சிம்பன்ஸியைப் பார்த்துச் சிரிக்கிற நேரத்தில் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்ளலாம்.