திருச்சி - யாழ்ப்பாணம்: 185 கிலோமீட்டர் என்பது எவ்வளவு தூரம்?

திருச்சி விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் பலாலிக்கு நேர்கோடு போட்டால் சுமார் 185 கிலோமீட்டர்தான். திருச்சியிலிருந்து சென்னைக்குப் பறப்பதைவிடக் குறைவு!

இந்தத் தடத்தில் 2025 மார்ச் 30 அன்று இண்டிகோ நிறுவனம் ஏ.டி.ஆர். ரக விமானத்தை விட்டது. அந்த விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கி.மீ. வேகத்தில் பறக்கும். பள்ளிக்கூடக் கணக்குப்படி 22 நிமிடம். ஆனால் அட்டவணையில் போட்டது ஒரு மணி நேரம். ஏமாற்று வேலையா? இல்லை. நின்ற இடத்திலிருந்து நகர்ந்தது முதல் அங்கே போய் நிற்கும்வரை எல்லாமே அந்த நேரத்தில் சேர்த்தி. ஓடுபாதைக்கு ஊர்ந்து போக வேண்டும், மேலே ஏற வேண்டும், முழு வேகம் பிடித்த கொஞ்ச நேரத்திலேயே இறங்கத் தொடங்க வேண்டும். குடியகல்வு, சுங்கச் சோதனைகளையும் சேர்த்தால் வீட்டுக்கு வீடு அரை நாள் ஓடிவிடும்.

அரை நாளா என்று சலித்துக்கொள்வதற்கு முன்னால் பழைய வழியைப் பாருங்கள். திருச்சியிலிருந்து கொழும்புக்கு சுமார் 420 கி.மீ. பறக்க வேண்டும். அங்கிருந்து தரைவழியாக வடக்கே 350 கி.மீட்டருக்கு மேல் திரும்பி வர வேண்டும். 185 கி.மீ. பயணத்துக்கு ஏறக்குறைய 800 கி.மீ. சுற்று! ஊரில் ஒரு சாவு என்றால் முகம் பார்க்கக் கிடைக்குமா?

இத்தனைக்கும் இது புதிய யோசனை இல்லை. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோனின் முதல் விமானமே இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகத்தான் சென்னைக்குப் பறந்தது. பிறகு போர் வந்தது, வானம் மூடியது. 2019 நவம்பரில் சென்னை - பலாலி சேவை தொடங்கியது. கொரோனாவில் நின்றது. 2022 டிசம்பரில் மறுபடி வந்தது. கடல் அகலவும் இல்லை, சுருங்கவும் இல்லை. மாறியதெல்லாம் அனுமதி மட்டுமே.

அந்த அனுமதி எல்லோருக்கும் கிடைத்துவிட்டதா என்பதுதான் கேள்வி. திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு அகதிகள் முகாம் இருக்கிறது. முகாமில் பிறந்து வளர்ந்த ஒருவருக்கு பாஸ்போர்ட் வேண்டும், வெளியேறும் அனுமதி வேண்டும். காகிதம் இல்லாதவருக்கு தலைக்கு மேலே போகும் ஒரு மணி நேர விமானமும் ஒன்றுதான், அமெரிக்கா போகும் விமானமும் ஒன்றுதான். அந்தப் பக்கம் மட்டும் என்ன? 1990இல் பலாலியைச் சுற்றியிருந்த வலிகாமம் வடக்கு மக்கள் ஊரைவிட்டுப் போனார்கள். போர் முடிந்த பிறகும் அவர்களுடைய காணிகள் துண்டு துண்டாகத்தான் திரும்பின.

ஆகவே இந்தத் தடத்தை டிக்கெட் வசூலை மட்டும் வைத்து எடைபோடக் கூடாது. இருக்கை காலியாகப் போகிறது என்று நிறுத்துவது சுலபம், மறுபடி தொடங்குவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பதை வரலாறு ஏற்கெனவே காட்டிவிட்டது. விமானம் விட்டால் மட்டும் போதாது, அதில் ஏறுவதற்கான காகிதங்களையும் இரண்டு அரசுகளும் சீக்கிரம் கொடுக்க வேண்டும். அதுவரை 185 கிலோமீட்டர் என்பது வெறும் வரைபடக் கணக்கு.