நாள் பார்த்தோம், நாற்காலி பார்த்தோமா?

பூம்புகாரில் இருக்கிற என் அத்தைக்கு இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் நடந்தது. அப்பாவின் அக்கா. எழுபத்தோரு வயசு. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று நாற்பது வருஷம் வயலில் குனிந்தே கிடந்த உடம்பு. அஞ்சாறு வருஷமாகவே வலது இடுப்பில் வலி. தைலம் தேய்த்துப் பார்த்தார். மெடிக்கல் ஷாப்பில் 'கால் வலி மாத்திரை' என்று கேட்டு வாங்கி முழுங்கிப் பார்த்தார். கடைசியில் ஒருநாள் காலையில் பாயிலிருந்து எழுந்திருக்கவே முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தால், மூட்டில் பந்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவே இருக்கவேண்டிய இடைவெளியைக் காணோம். எலும்பும் எலும்பும் உரசிக்கொண்டிருந்தன.

ஆபரேஷனுக்கு ஆறு வாரம் அவகாசம் இருந்தது. அந்த ஆறு வாரத்தில் எங்கள் குடும்பம் என்ன செய்தது?

எந்த டாக்டர் கெட்டிக்காரர் என்று இருபது பேரிடம் விசாரித்தோம். பணம் புரட்டினோம். பஞ்சாங்கத்தைப் புரட்டி, ராகுகாலம் எமகண்டம் இல்லாத நேரமாகக் கேட்டு வாங்கினோம். பக்கத்தில்தானே இருக்கிறது என்று வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போய் அர்ச்சனை செய்து, திருச்சாந்து உருண்டை வாங்கி வந்தோம். ஆஸ்பத்திரியில் யார் ராத்திரி தங்குவது, சாப்பாடு எங்கிருந்து வரும் என்பதெல்லாம்கூட முடிவாயிற்று. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது அடியேன்தான்.

அத்தை வீட்டுக் கக்கூஸ் எப்படி இருக்கிறது என்று மட்டும் ஒருத்தரும் போய்ப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் பிரமாதமாக முடிந்தது. மறுநாளே வாக்கரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தார். அஞ்சாம் நாள் வீட்டுக்கு அழைத்து வந்தோம். திண்ணைக்கு ஏற மூணு படி. பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. இரண்டு பேர் தூக்காத குறையாக ஏற்றினோம். கழிப்பறை கொல்லைப்பக்கம், ஒரு நாற்பது அடி தள்ளி. கதவு வாக்கரைவிடக் குறுகல். உள்ளே, குந்தி உட்காரும் பீங்கான்.

மூன்றாம் நாள் விடியற்காலை, மருமகளை எழுப்ப மனசு வராமல் அத்தை தானாகவே போயிருக்கிறார். வாக்கரை வெளியே விட்டுவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு குந்தியிருக்கிறார். 'டொக்'கென்று ஒரு சத்தம். புதுப் பந்து புதுக் கிண்ணத்திலிருந்து கழன்றுவிட்டது. மறுபடி ஆம்புலன்ஸ், மறுபடி மயக்க மருந்து, மூட்டை இழுத்துப் பொருத்தி, மறுபடி முதலிலிருந்து.

டாக்டர் கோபமாகக் கேட்டார்: "கீழே உட்காரக் கூடாதுன்னு சொல்லித்தானே அனுப்பினோம்?"

சொன்னார்கள். மறுக்கவில்லை. எப்போது? டிஸ்சார்ஜ் அன்றைக்கு, பில் கட்டுகிற அவசரத்தில், இங்கிலீஷில் அச்சடித்த ஒரு தாளில்.

அத்தை என்னிடம் கேட்ட கேள்விதான் இன்னும் குடைகிறது. "ஏந்தம்பி, குந்தக் கூடாதுன்னா பின்ன எங்க போறதுன்னு யாராச்சும் சொன்னாங்களா?"

*

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இதைப் படித்துவிட்டு யாரும் ஆபரேஷனுக்குப் பயப்பட வேண்டாம். நவீன மருத்துவம் மனிதனுக்குக் கொடுத்த நல்ல வரங்களில் இடுப்பு மூட்டு மாற்றும் ஒன்று. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி என்ற டாக்டர் முதலில் டெஃப்ளானில் கிண்ணம் செய்து வைத்துப் பார்த்தார். சீக்கிரமே தேய்ந்துபோய்த் தோற்றார். 1962-ல் பாலிஎதிலீன் கிண்ணமும் உலோகப் பந்தும் வைத்து ஜெயித்தார். இன்றைக்கு உலகம் முழுக்க நடக்கிற ஆபரேஷனுக்கு அதுதான் மூலம். வலியில் சுருண்டு கிடந்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். சந்தேகமே இல்லை.

நம் ஊரில் முட்டி மாற்று தெரிந்த அளவுக்கு இடுப்பு மாற்று தெரியாது. வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது 2000-ல் ஒரு முழங்கால், 2001-ல் இன்னொரு முழங்கால் என்று மும்பையில் மாற்றிக்கொண்டார். நாடே பேசியது. இடுப்புக்கு அப்படி ஒரு விளம்பரம் கிடைக்கவில்லை. அதனால் பலர் இது கிழவிகள் சமாச்சாரம் என்று நினைக்கிறார்கள். தப்பு. பந்து எலும்புக்கு ரத்த ஓட்டம் நின்று அது நசிந்து போகிற வியாதி முப்பது, நாற்பது வயசு ஆண்களுக்கும் வருகிறது. அதற்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: அளவில்லாத குடி, கண்டபடி எடுத்துக்கொள்கிற ஸ்டீராய்டு. 2021-ல் கொரோனாவிலிருந்து பிழைத்து வந்தவர்களில் சிலரும் இந்த வியாதியோடு எலும்பு டாக்டர்களிடம் வந்தார்கள். ஆகவே, 'நமக்கென்ன' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள்.

என் சண்டை ஆபரேஷனோடு இல்லை. ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்ததும் எல்லாம் முடிந்தது என்று கும்பிடு போடுகிற நம் புத்தியோடுதான்.

*

கொஞ்சம் யோசியுங்கள். டாக்டர் கத்தி வைக்கிற நேரம் சுமார் இரண்டு மணி நேரம். வெட்டின தசையும் மூட்டைச் சுற்றியிருக்கிற உறையும் ஆறிக் கெட்டிப்பட ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம். இடுப்பின் பின்பக்கமாகத் திறந்து செய்கிற ஆபரேஷன் என்றால், அதுவரை இடுப்பைத் தொண்ணூறு டிகிரிக்கு மேல் மடக்கக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, பாதத்தை உள்பக்கமாகத் திருப்பக் கூடாது என்பார்கள். முன்பக்கமாகச் செய்கிற டாக்டர்கள் கட்டுப்பாட்டைக் குறைத்துச் சொல்வதும் உண்டு. உங்கள் டாக்டர் எந்த வழி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த விதிகளை எழுதினவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, மேஜையில் சாப்பிட்டு, கட்டிலில் படுத்து, கமோடில் உட்காருகிறவர்கள். நம் டெல்டா வீட்டில் வாழ்க்கையே தரையில்தான். சாப்பாடு தரையில். பாய் தரையில். அரிசி புடைப்பது, மீன் ஆய்வது, கோலம் போடுவது எல்லாம் தரையில். இப்படிப்பட்ட வீட்டுக்கு ஒரு மனுஷியை 'குனியாதே, குந்தாதே' என்று சொல்லி அனுப்பினால் என்ன அர்த்தம்? தண்ணீரில் விட்டுவிட்டு நனையாதே என்கிற கதைதான்.

வீட்டைத் தயார் செய்வதும் ஆபரேஷனில் ஒரு பகுதி. இதை எந்தக் குடும்பமும் நினைப்பதில்லை. பல ஆஸ்பத்திரிகளில் முன்கூட்டி வாயைத் திறந்து சொல்வதும் இல்லை.

அப்படியென்ன பெரிய செலவு? கமோட் நாற்காலி ஒன்று சில ஆயிரம் ரூபாய். அதுவும் முடியாதென்றால், பழைய மர நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கீழே வாளி வைக்க ஊர் ஆசாரிக்கு அரை நாள் வேலை. உட்காரும் இடம் முழங்காலைவிட உயரமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கட்டில் தாழ்வா? நாலு காலுக்கும் அசையாத மரக்கட்டை கொடுத்து உயர்த்துங்கள். படிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புக் குழாய், குளிக்கிற இடத்தில் ஒரு கைப்பிடி. அரிசி டப்பாவும் காப்பித்தூளும் இடுப்பு உயர அலமாரிக்கு வரட்டும். மிதியடி, சாக்கு, சுருண்டு கிடக்கிற ஒயர் எல்லாம் வெளியே போகட்டும். ராத்திரி வழியில் ஒரு சின்ன பல்பு எரியட்டும்.

உடம்பும் தயாராக வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் வந்ததா? சொத்தைப் பல், காலில் புண், சிறுநீரில் கிருமி இருந்தால் முன்னாலேயே சரி செய்தாயிற்றா? புது மூட்டில் கிருமி சேர்ந்தால் அது பெரிய வம்பு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர் டாக்டரிடம் சொன்னாரா? பீடி, சிகரெட்டை நிறுத்தினாரா? வாக்கரில் நடக்கவும், கையை ஊன்றி எழவும் ஆபரேஷனுக்கு முன்னாலேயே பழகிவிட்டால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. வலியோடு புதுசாகக் கற்றுக்கொள்வது கஷ்டம். வீட்டுக்கு வந்த பிறகு கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தையலில் நீர் கசிந்தாலோ உடனே போன் செய்ய வேண்டும். திடீரென்று மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும்.

அப்புறம் ஆள். மூன்று மாதம் யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டால் நம் குடும்பங்களில் ஒரே பதில்தான்: "பொம்பளைங்க பாத்துப்பாங்க." நம் நாட்டில் ஆபரேஷனுக்குப் பிந்தைய திட்டத்துக்கு 'மருமகள்' என்று பெயர். அவளுக்கு வயல் வேலை உண்டு, பிள்ளைகள் உண்டு, அவளுக்கும் முதுகு வலி உண்டு. அத்தை அந்த விடியற்காலையில் அவளை எழுப்பாமல் போனது ஏன்? பகல் முழுக்க அவள் படுகிற பாட்டைப் பார்த்ததால்தான். மகன்கள் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்று செல்போனில் பேசியதோடு கடமை முடிந்ததாக எண்ணுகிறோம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

*

இப்போது அரசாங்கத்துக்கு வருகிறேன். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஏழைகளுக்குப் பெரிய ஆபரேஷன் கைக்கெட்டியது. எந்தக் கட்சி செய்தாலும் நல்லது நல்லதுதான். 2021 ஆகஸ்ட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபோது, வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் அதில் சேர்ந்தது. அதையும் பாராட்டுகிறேன். ஆனால், படுத்துவிட்டவரைத் தேடி வருகிறவர், படுக்காமல் இருக்கவும் ஒருதடவை வரக்கூடாதா? ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்னால் அரை மணி நேரம் வந்து, படியையும் கட்டிலையும் கக்கூஸையும் பார்த்துச் சொன்னால் போதுமே!

பூம்புகாரிலிருந்து மயிலாடுதுறைக்கு 20 கிலோமீட்டருக்கு மேல். ஆட்டோவின் தாழ்ந்த சீட்டில் மடங்கி உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிப் போய் பிசியோதெரபி செய்துகொள்ளச் சொல்வது வைத்தியமா, தண்டனையா?

"டாக்டர்களுக்கு எங்கே சார் நேரம்?" என்பீர்கள். டாக்டர் செய்யவேண்டிய வேலையே இல்லை இது. ஒரு நர்ஸ், தமிழில், நோயாளியையும் வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசினால் ஆயிற்று. காப்பீட்டுப் பணத்தில் வாக்கரும் கமோட் நாற்காலியும் ஆறு வார பிசியோதெரபியும் சேரட்டும். மூன்று மாதத்துக்குப் பிறகு அந்த நாற்காலி பரணில்தான் கிடக்கும். அதைத் திருப்பி வாங்கி, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்து, நூலகப் புத்தகம் மாதிரி அடுத்தவருக்கு இரவல் கொடுக்கலாம்.

கடைசியாக ஒரு துண்டுக் காகிதம். உள்ளே வைத்த மூட்டின் கம்பெனி, மாடல், நம்பர் உள்ள ஸ்டிக்கரைக் கேட்டு வாங்கி ரேஷன் கார்டோடு பத்திரப்படுத்துங்கள். ஜான்சன் அண்ட் ஜான்சனின் டீப்யூ நிறுவனம் ஏ.எஸ்.ஆர். என்ற இடுப்பு மூட்டை 2010-ல் உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. உலோகத்தோடு உலோகம் உரசி, கோபால்ட்டும் குரோமியமும் உடம்பில் கசிந்த விவகாரம். இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்கள் அந்த மூட்டை வைத்து நடந்திருந்தன. அவர்களில் சுமார் 3,600 பேரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்று 2018-ல் செய்தி வந்தது. உடம்புக்குள் பழுதான மூட்டு இருக்கிறது, ஆள் எங்கே என்று தெரியாது! வாசல்வரை வழியனுப்பிவிட்டு நோயாளியை மறந்துவிடுகிற வழக்கத்துக்கு இதைவிட சாட்சி வேண்டுமா?

*

அத்தை இப்போது நடக்கிறார். போன தை அமாவாசைக்குக் கைத்தடியோடு காவிரி சங்கமம் வரை போய்வந்தார். கொல்லைப்பக்கம் கதவை இடித்து அகலப்படுத்தி, உயரமான கமோட் வைத்திருக்கிறோம். ஆபரேஷனுக்கு முன்னால் செய்திருக்கவேண்டிய வேலை, ஒரு மயக்க மருந்தும் இரண்டு மாதக் கண்ணீரும் செலவான பிறகு நடந்தது.

இந்த ஊரிலிருந்துதான் கண்ணகி மதுரை வரைக்கும் நடந்தாள். அத்தைக்கு நடக்கவேண்டியிருந்தது கொல்லைப்பக்கம் நாற்பது அடி. அந்த நாற்பது அடியை டாக்டரும் பார்க்கவில்லை, அரசாங்கமும் பார்க்கவில்லை, பெற்ற பிள்ளைகளும் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் யாருக்காவது தேதி குறித்திருந்தால், பஞ்சாங்கத்தை மூடிவிட்டு, இன்றைக்கே ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போய்க் கக்கூஸ் கதவை அளந்து பாருங்கள்.