பதினாறாவது கல்



பாம்பனில் வாழும் உடன்பிறந்தார் இருவர் அண்மையில் நம்மிடம் வந்தனர். அவர்களுடைய பாட்டனார், தனுஷ்கோடிக்குப் போட் மெயில் ஓடிய நாட்களில் இரயில்வே கார்டாக இருந்தவர். 1964ஆம் ஆண்டுப் புயலில் வீட்டை இழந்தபோதும், தம் சட்டைப்பைக் கடிகாரத்தை இழக்காமல் கரையேறியவர். அமெரிக்காவில் செய்யப்பட்ட அக்கடிகாரம் இன்று மூத்தவரிடம் உள்ளது. பின்மூடியைத் திறந்தால், இயந்திரத் தகட்டில் '16 ஜுவல்ஸ்' என்னும் பொறிப்பு.

"சாமி, 15 கல் கடிகாரம் உண்டு, 17 கல் உண்டு, 16 எங்கே உண்டு? தாத்தாவின் கடிகாரத்தை விற்றுவிட்டு அண்ணன் வேறொன்றை வைத்திருக்கிறார்" என்றார் இளையவர். மூத்தவர் வாய் திறக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒருவர் வீட்டில் மற்றவர் கை நனைத்ததில்லையாம்!

தீர்ப்புக் கூற நாம் துணியவில்லை. இராமநாதபுரத்தில் கடிகாரம் பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் இருவரையும் அழைத்துச் சென்றோம். அவர் கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு விளக்கியவற்றைச் சுருக்கித் தருகிறோம்.

கடிகாரத்தில் கல் பதிப்பது அழகுக்காக அன்று. சக்கரங்களின் மெல்லிய அச்சுமுனைகள் பித்தளைத் துளையில் சுழன்றால் துளை தேயும், நேரம் பிசகும். கடினமான கெம்புக் கல்லில் சுழன்றால் தேய்மானம் மிகக் குறைவு. ஊசலாடும் சக்கரத்துக்கும், அதைத் தட்டி ஓட்டும் உறுப்புகளுக்கும் 7 கற்கள். அடுத்த நான்கு அச்சுகளுக்கு மேலும் கீழும் ஒவ்வொன்றாக 8, ஆக 15. நடுச் சக்கரத்துக்கு மேலும் கீழும் இரண்டு, ஆக 17. அக்கால அமெரிக்க நிறுவனங்கள் சில, நடுச் சக்கரத்தின் மேல்முனைக்கு மட்டும் கல் பதித்து, கீழ்முனையைப் பித்தளையிலேயே விட்டன. அதுவே 16! இவ்வாறே மேல்தகட்டில் மட்டும் கற்கள் பதித்த 11 கல் கடிகாரங்களும் உண்டு. மூடியைத் திறந்து பார்ப்பவருக்கு அவை 15 கல் போலவே தோன்றும்.

இரயில்வே கடிகாரத்துக்கு இத்துணைக் கண்டிப்பு ஏன்? 1891ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிப்டன் என்னுமிடத்தில் இரண்டு இரயில்கள் மோதின. ஒருவருடைய கடிகாரம் 4 நிமிடம் பிந்தியதே காரணம் என்றனர். அதன்பின் வெப் பால் என்பவர் கடிகாரச் சோதனை முறைகளை வகுத்தார். காலப்போக்கில், குறைந்தது 17 கல் வேண்டும் என்பது அந்நாட்டு இரயில்வேக்களில் விதியாயிற்று. நம் இளையவர் யாரிடமோ கேட்டது இந்த விதியைத்தான்.

முதியவர் இயந்திரத்தின் வரிசை எண்ணையும் படித்தார். தந்தையின் தகரப் பெட்டியில் கிடந்த பழைய பழுதுச் சீட்டிலும் அதே எண். இளையவர் தலை குனிந்தார். "கற்களை விற்றால் என்ன கிடைக்கும்?" என்று நாம் வினவினோம். முதியவர் சிரித்தார். 1902இல் வெர்நாய் என்னும் பிரெஞ்சு அறிஞர் செயற்கைக் கெம்பு செய்யும் முறையை வெளியிட்டார். அதன்பின் அக்கற்கள் மலிந்துவிட்டன. அதற்கு முந்திய இயற்கைக் கற்களோ கடுகளவே. பெயர்த்தால் கல்லும் விலை போகாது, கடிகாரமும் ஓடாது.

பெற்றோரே, வீட்டில் இத்தகைய பழம்பொருள் இருந்தால் அதன் எண்ணை ஒரு தாளில் எழுதி, பிள்ளைகள் அனைவரும் அறிய வையுங்கள். புரியாத பொறிப்பைக் கண்டால், உடன்பிறந்தவரை ஐயுறுமுன் தொழில் தெரிந்தவரைக் கேளுங்கள். இல்லாத ஒரு கல்லுக்காக இரண்டு ஆண்டுகள் போயின. அவற்றை எந்தக் கடிகாரமும் திருப்பித் தராது.

அன்றிரவு இளையவர் அண்ணன் வீட்டில் உண்டார் என்று பின்னர் அறிந்தோம்.